ஏரியல் கம்பிக்கு எத்தனை மீட்டர்?

(ரப்பர் தோட்டமொன்றின் மண்டபத்தில் தகவல் அதிகாரி ஒருவர் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆற்றிய உரை)



சென்ற மாதம் நான் இத்தோட்டத்திற்கு வந்திருந்தபோது, பெரட்டுக் களத்தின் அருகே நான்கு இளைஞர்கள் என்னை வழிமறித்தனர். தேர்வுக்கு விண்ணப்பித்து விட்டதாகவும், உரிமம் கிடைத்ததும் தோட்டத்தில் சிறியதொரு ரேடியோ நிலையம் அமைக்க விரும்புவதாகவும் கூறினர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு முதலில் ஏரியலுக்குக் கம்பி வாங்க எண்ணியிருந்தனர். அவர்களுள் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "ஐயா, எத்தனை மீட்டர் வாங்குவது?"

"நீங்கள் எத்தனை மீட்டர் என்று நினைத்திருக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். லயத்தின் கடைசி வீட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை அளந்து பார்த்ததாகவும், சரியாக 20 மீட்டர் இருப்பதாகவும், ஆகவே 20 மீட்டர் போதும் என்றும் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களை எள்ளி நகையாடுவதற்காக நான் சிரிக்கவில்லை. அதே 20 மீட்டரில் நானும் ஒருமுறை விழுந்து எழுந்தவன். அந்தக் கதையைப் பின்னர் சொல்கிறேன்.

கைத்தொலைபேசி ஆளுக்கொன்று இருக்கும் இக்காலத்தில் இந்தக் கம்பி வேலை எதற்கு என்று இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்வி. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய மாநிலங்களில் பெருவெள்ளம் வந்தது. 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். கோல கிராய் போன்ற இடங்களில் மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்றதும் தொலைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. உறவினர் உயிரோடு இருக்கின்றனரா என்று அறிய வழியின்றிப் பலர் தவித்தனர். அச்சமயத்தில் ஒரு கார் பேட்டரியையும், சிறிய ரேடியோப் பெட்டியையும், மரத்தில் கட்டிய ஒரு கம்பியையும் கொண்டு செய்தி அனுப்பியவர்கள் அமெச்சூர் ரேடியோ நண்பர்கள். இத்தோட்டத்துக்கு வரும் ஒரே சாலை ஆற்றுப் பாலத்தைக் கடந்து வருகிறது. ஆற்றில் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

பேட்டரியைக் கடையில் வாங்கலாம். பெட்டியையும் வாங்கலாம். ஏரியல் ஒன்றைத்தான் நம் கையாலேயே, நம் இடத்துக்கு ஏற்றவாறு செய்தல் வேண்டும். அதன் நீளத்தில் தவறு நேர்ந்தால், எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியானாலும் ஊமையாகிவிடும்.

நான் சிறுவனாக இருந்த 1980-களில் எங்கள் லயத்தில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. தகரக் கூரையின் முனையிலிருந்து பலா மரம் வரை ஒரு செம்புக் கம்பியை என் தந்தையார் கட்டியிருந்தார். அதை அவர் அளந்து கட்டவில்லை. கையில் இருந்த கம்பி அவ்வளவுதான். ஆயினும் இரவில் கடல் கடந்த நிலையங்கள் எல்லாம் அதில் கேட்டன. கேட்பதற்கு மட்டும் பயன்படும் கம்பிக்கு நீளம் அவ்வளவாகப் பொருட்டன்று. வரும் அலையில் பத்தில் ஒரு பங்கே கிடைத்தாலும் பெட்டி அதைப் பெருக்கிக் கொள்ளும். 'கம்பி என்றால் நீளமாக இருந்தால் போதும்' என்ற எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றியது இதனால்தான்.

பேசுவதற்கோ நிலைமை வேறு. அப்போது பெட்டியிலிருந்து ஆற்றல் புறப்பட்டுக் கம்பிக்குள் செல்ல வேண்டும். கம்பி அதை ஏற்றுக்கொள்ளாவிட்டால் அது திரும்பி வந்து பெட்டியையே சூடேற்றும். கம்பி அதை ஏற்குமா என்பதை இரண்டு காரியங்கள் நிச்சயிக்கின்றன: கம்பியின் நீளத்துக்கும் அலையின் நீளத்துக்கும் உள்ள பொருத்தம் ஒன்று, கம்பியின் எந்த இடத்தில் ஆற்றலை ஊட்டுகிறோம் என்பது மற்றொன்று.

நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவன். ஆகையால் கரும்பலகையோ கயிறோ இல்லாமல் எனக்குப் பாடம் சொல்ல வராது. இதோ, குழந்தைகள் தாண்டி விளையாடும் கயிறு. இரு சிறுமிகள் இதன் இரு முனைகளையும் பிடித்து ஆட்டுகிறார்கள். முனைகள் அசைவதில்லை, நடுப்பகுதி மட்டும் வயிறு போல் பெரிதாகச் சுழல்கிறது. ஏரியல் கம்பியில் மின்னோட்டமும் இப்படித்தான் அமைகிறது. முனைக்கு அப்பால் செல்ல வழியில்லாததால் அங்கே மின்னோட்டம் இல்லை. நடுவில் மிகுதியாக ஓடுகிறது. கயிற்றில் ஒரே ஒரு வயிறு தோன்றும்போது, அந்த நீளம் அலைநீளத்தில் சரிபாதி. இதை அரை அலைக் கம்பி என்கிறோம்.

இப்போது கயிற்றை இன்னும் விரைவாக ஆட்டுங்கள். இரண்டு வயிறுகள் தோன்றும். முன்பு சுழன்றுகொண்டிருந்த நடுப்பகுதி இப்போது அசையாமல் நிற்கும். கயிறு அதே கயிறுதான். விரைவு மாறியதால் நடு இடத்தின் இயல்பு தலைகீழாகிவிட்டது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

மின்னோட்டம் மிகுந்து, மின்னழுத்தம் குறைந்த இடத்தில் ஆற்றலை ஊட்டுவது எளிது. அரை அலைக் கம்பியின் நடுவில் மறிப்பு ஏறத்தாழ 50 முதல் 75 ஓம். நம் ரேடியோப் பெட்டிகள் எதிர்பார்ப்பது 50 ஓம். ஆகவே இரண்டும் இணங்கிப் போகின்றன. அதே கம்பியின் முனையிலோ மறிப்பு இரண்டாயிரம், மூவாயிரம் ஓம் வரை செல்லும். அங்கே ஊட்ட முயல்வது, தண்ணீர்க் குழாயின் அகன்ற வாயை ஊசித் துவாரத்தில் பொருத்துவது போன்றது.

அலைநீளத்தைக் கணக்கிடுவது கடினமன்று. 300-ஐ மெகாஹெர்ட்ஸில் சொல்லப்படும் அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். பகல் வேளையில் தீபகற்ப மலேசியாவுக்குள் பேசுவதற்கு ஏற்றது 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. 7.1 என்று வைத்துக் கொள்வோம். அலைநீளம் 42 மீட்டரும் சிறிதும். அதில் பாதி 21 மீட்டர். ஆனால் கம்பியின் முனைகளில் ஏற்படும் விளைவால் அரை அலைக் கம்பி சுமார் 5 விழுக்காடு குறுகியிருத்தல் வேண்டும். இதையும் சேர்த்துச் சுருக்கமாக, 143-ஐ அதிர்வெண்ணால் வகுத்துவிடலாம். 143-ஐ 7.1 ஆல் வகுத்தால் 20.14 மீட்டர், பழைய கணக்கில் 66 அடி. இதை நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 10.07 மீட்டராக இரு துண்டுகளாக்கி, நடுவில் கோஎக்சியல் கேபிளை இணைத்தால் 'டைபோல்' என்னும் ஏரியல் ஆயிற்று. 14.2 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்துக்கு 5.04 மீட்டர். 28.5-க்கு 2.51 மீட்டர்.

7 மெகாஹெர்ட்ஸுக்காகக் கட்டிய இக்கம்பி 14-இலும் வேலை செய்யுமா என்று ஒரு தம்பி கேட்கிறார். கயிற்றை நினைத்துப் பாருங்கள். அதிர்வெண் இரு மடங்காகும்போது வயிறுகள் இரண்டாகின்றன. நாம் ஊட்டும் நடு இடம் அசையாத இடமாகிவிடுகிறது. ஆகவே 14-இல் அது ஒத்துழைக்காது. 21-இல் வயிறுகள் மூன்று. நடுவில் மீண்டும் ஒரு வயிறு வந்துவிடுகிறது. அதனால் அங்கே டியூனரின் துணையோடு ஓரளவு பயன்படும்.

இனி என் கதை. உரிமம் பெற்ற புதிதில், நான் குடியிருந்த அரசாங்க வீட்டின் சன்னலிலிருந்து ரம்புத்தான் மரம் வரை அளந்தேன். 20 மீட்டர். 'என்ன பொருத்தம்!' என்று மகிழ்ந்து, ஒரே கம்பியாகக் கட்டி, அதன் ஒரு முனையை நேரே டியூனரில் செருகினேன். டியூனர் கடகடவென்று ஒலித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. 7-இல் இல்லை, 14-இல் இல்லை, 21-இலும் இல்லை. டியூனர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, நகரத்துக்கு எடுத்துச் சென்று பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, பழுது எதுவும் இல்லை என்று திருப்பித் தந்தார். மீண்டும் கட்டினேன், மீண்டும் அதே சிவப்பு விளக்கு. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

கடைசியில் முதியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் அமெச்சூர் ரேடியோவில் பல்லாண்டு பழகியவர். "எத்தனை மீட்டர் கட்டியிருக்கிறாய்?" என்றார். "இருபது" என்றேன். "அதில் இரண்டே கால் மீட்டரை வெட்டிப் போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெட்டினேன். டியூனர் இரண்டு விநாடியில் அடங்கியது. அன்று மாலையே ஜொகூரிலிருந்து ஒருவர் பதில் சொன்னார்.

நடந்தது என்ன? 20 மீட்டர் என்பது 7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை. 14-க்கு ஏறக்குறைய இரண்டு அரை அலை, 21-க்கு மூன்று, 28-க்கு நான்கு. நான் ஊட்டிய இடமோ முனை. ஆகவே எந்த அலைவரிசைக்குத் திருப்பினாலும் நான் ஆயிரக்கணக்கான ஓம் மறிப்பின்மீது போய் முட்டிக்கொண்டேன். அத்தனை நீளங்களிலும் மிக மோசமான நீளத்தை அளவுநாடா வைத்துத் தேடிப் பிடித்திருந்தேன்!

நூல்களில் இத்தகைய கம்பியை 'ஏதோ ஒரு நீளக் கம்பி' என்ற பொருள்பட அழைக்கிறார்கள். அந்தப் பெயரை நம்ப வேண்டா. முனையில் ஊட்டி, டியூனர் வைத்துப் பல அலைவரிசைகளில் பேச விரும்பினால், எந்த அலைவரிசையிலும் அரை அலையாகவோ அதன் மடங்காகவோ அமையாத நீளத்தைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். 7, 14, 21, 28 ஆகிய நான்கையும் எடுத்துக் கொண்டால், 5 மீட்டர், 6.7, 10, 13.8, 15.5, 20 முதல் 21 வரை ஆகிய நீளங்களின் அருகே போகக்கூடாது. இவற்றிலிருந்து விலகி நிற்கும் இடங்களாக 12.5 மீட்டரும் 17.7 மீட்டரும் கிடைக்கின்றன. முதியவர் என்னை இரண்டே கால் மீட்டர் வெட்டச் சொன்னதன் பொருள் இதுதான். இக்கம்பிக்கும் டியூனருக்கும் நடுவே மறிப்பை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைக்கும் சிறு டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைப்பது வழக்கம். அத்துடன், தரையோரமாகச் சில மீட்டர் நீளத்தில் இன்னொரு கம்பியும் வேண்டும். ஏரியலுக்குள் செல்லும் மின்னோட்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பிடிப்பு இல்லாவிட்டால், கேபிளின் புறத்தோலையும் ஒலிவாங்கியையும் அது தன் பிடிப்பாக்கிக் கொள்ளும். பேசும்போது உதட்டில் சுருக்கென்று சுடும், அனுபவித்தவன் சொல்கிறேன்.

என்னைக் கைவிட்ட அதே 20 மீட்டர் கம்பியை முனையில் ஊட்டியே நன்றாகப் பயன்படுத்துவோரும் உண்டு. மறிப்பை 49-இல் ஒரு பங்காகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரை அவர்கள் வைக்கிறார்கள். 2,450 ஓம் அங்கே 50 ஆகிவிடுகிறது. 7, 14, 21, 28 நான்கிலும் அக்கம்பி பேசும். ஆக, 20 மீட்டர் என்பதைச் சரி என்றோ தவறு என்றோ தனியே சொல்ல முடியாது. எங்கே, எதைக் கொண்டு ஊட்டுகிறோம் என்று சொன்ன பிறகே நீளத்தைச் சொல்ல முடியும்.

மார்க்கோனி 1901-ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சமிக்ஞையைக் கேட்க 150 மீட்டர் கம்பியைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டாரே என்று படித்தவர்கள் கேட்பார்கள். அவர் கையாண்ட அலைகள் பல நூறு மீட்டர் நீளமானவை. நம் அலை 42 மீட்டர்தான்.

நிற்க. நம் நான்கு இளைஞர்களுக்கு எதைப் பரிந்துரைப்பது? என் கருத்து நடுவில் ஊட்டும் டைபோல்தான். ஒரே அலைவரிசைதான் கிடைக்கும். ஆனால் டியூனரும் வேண்டா, டிரான்ஸ்பார்மரும் வேண்டா. வெள்ளக் காலத்தில் பழுதாகக் கூடிய பொருள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலை எட்டு, பத்து மீட்டர் உயரத்தில் கட்டினால் அலை பெரும்பாலும் மேல் நோக்கிச் சென்று, வானத்தின் மின்னடுக்கில் பட்டு, சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டருக்குள் விழும். தொலைதூர நாடுகளை எட்ட விரும்புவோர் இதைக் குறையென்பர். பக்கத்து மாவட்டத்தை எட்ட வேண்டிய நமக்கு இதுவே நிறை.

கம்பியை வாங்கும்போது கணக்கில் வந்ததைவிடக் கூடுதலாக வாங்குங்கள். பக்கத்துக்கு 10.07 என்று கணக்கு சொன்னாலும் 10.5 மீட்டராகவே வெட்டுங்கள். நீளம் மிகுந்தால் குறைக்கலாம். குறைந்தால் ஒட்டுப் போட்டுத் திரிய வேண்டும். வீட்டு மின்சார வேலைக்கு வரும் பிளாஸ்டிக் உறையிட்ட செம்புக் கம்பியே போதும். ஆனால் அவ்வுறை அலையைச் சற்றே மந்தமாக்குவதால், முடிவில் வரும் நீளம் கணக்கில் கண்டதைவிட இரண்டு முதல் ஐந்து விழுக்காடு வரை குறையக்கூடும். தகரக் கூரைக்கு அருகே கட்டினாலும், தாழ்வாகக் கட்டினாலும் அளவு மாறும். ஆகவே கணக்கு நம்மை வாசல் வரை கொண்டுவிடும். உள்ளே செல்ல எஸ்.டபிள்யூ.ஆர். அளவி வேண்டும். திரும்பி வரும் ஆற்றல் எவ்வளவு என்பதைக் காட்டும் கருவி அது.

10.5 மீட்டர் கம்பிகளை ஏற்றிவிட்டு அளக்கிறீர்கள். முள் மிகத் தாழ்வது 6.7 மெகாஹெர்ட்ஸில் என்று வைத்துக் கொள்வோம். உங்களுக்கு வேண்டியது 7.1. பள்ளியில் படித்த விகிதக் கணக்குதான்: 10.5-ஐ 6.7-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 9.91. பக்கத்துக்கு 59 சென்டிமீட்டர் மிகுதி. உடனே கத்தியை எடுக்காதீர்கள். முதலில் அந்த மிகுதியை மடித்து, கம்பியோடு கம்பியாக முறுக்கிவிட்டு மறுபடியும் ஏற்றி அளவுங்கள். இரு பக்கமும் ஒரே அளவாகக் குறைய வேண்டும். முள் சரியான இடத்தில் நின்ற பிறகு, மடித்ததை வெட்டினாலும் சரி, அப்படியே விட்டாலும் சரி. நான் விட்டுவிடுவேன்.

கட்டுவதற்கு மரத்துக்குக் குறைவில்லை. நிருவாகத்தின் அனுமதி மட்டும் பெற்றுக் கொள்ளுங்கள். பால்மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்பதைப் பால் வெட்டுவோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தூண்டில் நரம்பில் ஈயக் குண்டைக் கட்டி, உண்டிவில்லால் கிளைக்கு மேலே எய்து, அதன் வழியே கயிற்றை இழுத்துக் கொள்ளுங்கள். கம்பியின் முனையில் இன்சுலேட்டர், அதன் பின் கயிறு என்று வர வேண்டும். கம்பியே மரத்தையோ ஈர இலையையோ தொடக் கூடாது. காற்றில் மரம் ஆடும்போது கம்பி அறுந்து போகாதிருக்க, ஒரு பக்கக் கயிற்றைக் கப்பியில் விட்டு, மணல் நிரப்பிய புட்டியைத் தொங்கவிடுங்கள். மரம் சாய்ந்தால் புட்டி ஏறும். மரம் நிமிர்ந்தால் இறங்கும்.

இப்போது தாய்மார்கள் கேட்க வேண்டிய பகுதி. மின்சாரக் கம்பிகள் செல்லும் பாதைக்கு அருகில் ஏரியல் கட்டவே கூடாது. ஏரியல் எந்தப் பக்கம் அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவு வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் மேலே லயத்துக்கு வரும் மின்கம்பி செல்வதைப் போன முறையே பார்த்தேன். ஆகவே அந்த இடம் ஆகாது. ஆயாக் கொட்டகைக்குப் பின்புறம், பழைய நிரைக்கும் மண்டபத்துக்கும் இடையேயுள்ள வெளியில் 20 மீட்டருக்குக் குறையாத இடம் இருக்கிறது. மின்கம்பி எதுவும் இல்லை. ஆனால் முனைகள் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். 100 வாட் ஆற்றலில் பேசும்போது முனையில் 500 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். தொட்டால் தோல் கருகும். பிற்பகலில் மேகம் கறுத்து இடி கேட்கத் தொடங்கினால், அதற்கு முன்பே கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். நம் நாட்டு இடி எத்தகையது என்று உங்களுக்குத் தெரியும்.

உரிமத்தைப் பற்றி ஒரு சொல். 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி, அனுமதியின்றி ஒலிபரப்புவது குற்றம். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறி, உங்களுக்கென்று ஓர் அழைப்புக் குறி கிடைத்த பின்னரே பேச வேண்டும். தீபகற்பத்தில் அது 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும். உங்கள் பிரிவுக்கு எந்தெந்த அலைவரிசை, எத்தனை வாட் என்பதை உரிம விதிகளில் பார்த்துவிட்டுக் கம்பியை வெட்டுங்கள். அனுமதியில்லாத அலைவரிசைக்கு அழகாக ஏரியல் கட்டி என்ன பயன்?

தம்பிகளே, 22 மீட்டர் கம்பி வாங்குங்கள். அதற்கு மேல் வேண்டா. இன்சுலேட்டர் மூன்று, கப்பி ஒன்று, கயிறு நாற்பது மீட்டர். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, பால் வேலை முடிந்த பிறகு வருகிறேன். அளவுநாடாவும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவியும் என்னிடம் இருக்கின்றன. உங்களுக்கு உரிமம் வரும் வரை என் அழைப்புக் குறியில், என் பெட்டியை வைத்து, நானே அளந்து காட்டுகிறேன். ஏணி மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.